பாலுக்கு முன் ரத்தம்

ரத்தம் எடுக்க வருகிறவனை எந்த வீட்டிலும் வாங்க வாங்க என்று கூப்பிடுவதில்லை. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டில் உள்ளவர்களுக்கு வெளியே போகவேண்டிய அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிடும். ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் அந்தத் தவிப்பு தெரியும். ஊசியைப் பிடித்திருக்கிறவனும் அதே அளவு தவிக்கிறான் என்பதை இத்தனை காலம் கழித்தாவது சொல்லிவிடலாமே என்று எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் பாட்டில் கழுவினேன். பழைய புத்தகங்களை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அப்படியே அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே வந்தவர்தான் டாக்டர் இன்னாசி. சாந்தோம் பக்கத்துக் குடும்பம். அப்பா, அம்மா இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். இவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அங்கே சர்க்கரை நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று வீடு வீடாகப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கவேண்டும். எடுப்பது நாங்கள் இருவர்.

ஐஸ் பெட்டி

எடுத்த ரத்தத்தைச் சும்மா வைத்திருந்தால் அதிலுள்ள சர்க்கரை குறைந்துகொண்டே போகும். அதனால் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, சீக்கிரம் அடையாற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். முதல் வாரமே, நாங்கள் ஏறிய பஸ் மந்தைவெளி தாண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்தார். டிரைவர் இறங்கிப் பார்த்தார். பிறகு இருவரும் பீடி பற்றவைத்தார்கள். அதைப் பார்த்ததும் டாக்டர் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

அவர் கல்லூரியில் அரை மைல் ஓட்டத்தில் கோப்பைகள் வாங்கியவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்போதும் தினமும் விடியுமுன் ஓடிக்கொண்டிருந்தவர். பெட்டி ஆடவில்லை, ஆள் மட்டும் பறந்தார். நான் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி அவர் பின்னாலேயே போனேன். ரிக்‌ஷாக்காரரால் அவரைப் பிடிக்க முடியவில்லை. அடையாற்றுப் பாலத்தருகே டாக்டரின் வேகம் குறைந்த நேரத்தில் பக்கத்தில் போய், ஐஸ் தண்ணீர் சொட்டும் அந்தப் பெட்டியைப் பார்த்து அனுதாபமாகக் கேட்டார்:

"இன்னா நைனா, இந்த ஓட்டம் ஓடறே? மீனு கெட்டுப்பூடுமா?"

கடைசியாக வருகிறவர்

டாக்டரின் மனைவி ஸ்டெல்லா ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் பெயர் ரோஸி, மூன்று வயது. மத்தியானம் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது டாக்டரின் பொறுப்பு. அதற்காக அடையாற்றிலிருந்து சாந்தோமுக்கு வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய்வருவார். ஆராய்ச்சிக்கூடத்தில் மற்ற டாக்டர்கள் கேலி செய்வார்கள். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுப்பார்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. கூடத்தின் தலைவர் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: இந்தத் தெரு ஆராய்ச்சி தேறினால் இங்கேயே மேற்பட்டம், இங்கேயே வேலை. தேறாவிட்டால் இரண்டு வருடம் லண்டன் போய்த்தான் பட்டம் வாங்கவேண்டும். அங்கே கொடுக்கும் உதவித்தொகையில் ஓர் ஆள்தான் வாழலாம். வேறொருவராக இருந்தால் லண்டன் என்றதும் கோட்டுக்கு அளவு கொடுத்திருப்பார். இவருக்கு அந்த ஊர் பெயரைக் கேட்டாலே முகம் வாடிவிடும். ஒருநாள் கோப்புகள் வாங்கிவர நான் வீட்டுக்குப் போயிருந்தபோது, ரோஸி வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். டாக்டர் தட்டோடு மண்டியிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அன்று பள்ளி விடுமுறை. ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஊர்ல எல்லாரையும் முந்தி ஓடறவர் சார். இவளுக்கு ஒரு வாய் ஊட்டறதுல மட்டும் தினம் கடைசியாத்தான் வர்றார்."

ஏகாதசி

முதல் சுற்று முடிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தத் தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். டாக்டருக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்கேயோ தப்பு இருக்கிறது என்றார். கருவியைப் பார்த்தோம், ரசாயனங்களை மாற்றினோம், எங்கள் ரத்தத்தையே எடுத்துச் சோதித்தோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, தெருவுக்கே பெரியவரான பஞ்சாபகேசன் மாமா வீட்டுக்குப் போனோம். அவர் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் உட்கார்ந்து சாவதானமாக டபராவில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ரத்தம் குடுத்தபோது வெறும் வயிறுதானே மாமா?" என்று டாக்டர் கேட்டார். "சுத்த வெறும் வயிறு. பச்சைத் தண்ணிகூடப் படலை" என்றார். "காபி?" என்றார் டாக்டர். மாமா அவரை விநோதமாகப் பார்த்தார். காபி குடிக்காமல் ஒருவர் ரத்தம் கொடுக்க முடியும் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வீட்டில் கேட்டோம், எதிர்வீட்டில் கேட்டோம். தெரு முழுக்க இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபியோடு பட்டினி கிடந்திருக்கிறது. திரும்பி வந்து மாமாவிடம் காபியும் கூடாது என்று விளக்கினோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏகாதசிக்கே காபி உண்டுய்யா! உங்க டெஸ்ட் என்ன பெருமாளைவிட ஒசத்தியா?"

மாட்டுக்கு முன்னால்

ஒரு மாதம் தருகிறேன், முழுத் தெருவையும் மறுபடி எடுத்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் லண்டன் என்று தலைவர் சொல்லிவிட்டார். நாங்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினோம். எல்லோரும் சரி என்றுதான் தலையாட்டினார்கள். விடிந்ததும் கை தானாக டபராவைத் தேடிக்கொண்டு போய்விடும். ஒரு மாமி உண்மையிலேயே கண்கலங்கி, "குடிச்சு முடிச்சப்புறம்தான் உங்க ஞாபகம் வந்தது" என்றார். முதல் வாரம் இப்படியே வீணாயிற்று.

டாக்டர் விடியற்காலையில் ஓடும்போது, லஸ் பக்கம் பால்கார முனுசாமியை மாடும் கன்றுமாகப் பார்ப்பது வழக்கம். அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்கு அவர்தான் வாசலில் மாட்டை நிறுத்திக் கறந்து கொடுப்பார். பால் வராமல் காபி ஏது? இது டாக்டருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே தோன்றியிருக்கிறது. அப்படியே நின்று முனுசாமியிடம் விஷயத்தைச் சொன்னார். லண்டன் விஷயத்தையும் சொன்னார். முனுசாமிக்குச் சர்க்கரை நோய் விளங்கவில்லை. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது நன்றாக விளங்கியது. மறுநாள் முதல் எங்கள் ஊர்வலம் தொடங்கியது. முன்னால் நாங்கள், ஒரு வீடு தள்ளிப் பின்னால் மாடு. ரத்தம் கொடுக்காத வீட்டில் முனுசாமி செம்பைத் தொடமாட்டார். உள்ளேயிருந்து காபி தாகத்தில் கைகள் தாமாகவே நீண்டன. முதல்நாள் காலை அவர் எங்களிடம் செய்துகொண்ட ஒப்பந்தம் இது:

"நீ முன்னால போயி ரத்தத்தை கறந்துக்கோ டாக்டரே, நான் பின்னாலயே வந்து பாலை கறக்கறேன், என் மாட்டாண்ட மட்டும் அந்த ஊசியக் காட்டாதே!"

ஃப்ரிட்ஜ் உள்ள வீடு

பஞ்சாபகேசன் மாமாவிடம் மட்டும் இந்த உபாயம் பலிக்கவில்லை. பம்பாயிலிருந்த மகன் வாங்கிக்கொடுத்த ஃப்ரிட்ஜ் அவர் வீட்டில் இருந்தது. முதல்நாள் சாயங்காலத்துப் பால் அதில் குளிர்ந்துகொண்டிருக்கும். நாங்கள் போகும்போது அவர் காபியை முடித்துவிட்டு, கையில் பேப்பரோடு எங்களைப் பார்த்துப் புன்னகைப்பார். "நான்தான் ஒருதரம் குடுத்தாச்சே" என்பார். பெரியவரே கொடுக்கவில்லையே என்று பக்கத்து வீடுகளும் அந்த ஃப்ரிட்ஜ் பாலைக் கடன் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. மாதம் முடிய இரண்டே நாள். டாக்டர் அன்று மத்தியானம் சோறு ஊட்டப் போய்விட்டு, குழந்தையையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். ஒருவரும் கேலி செய்யவில்லை.

மறுநாள் காலை மாமா வீட்டு வாசலில் டபரா இல்லை. அவர் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். மாமி கதவோரம் நின்றுகொண்டு, "காபிப்பொடி தீர்ந்து போயிடுத்து. அரைக்க அனுப்பியிருக்கேன். சும்மாத்தானே உக்காந்திருக்கேள், கையைக் குடுங்கோ" என்றார். மாமி எங்களைப் பார்க்கவேயில்லை. லண்டன் விஷயம் முனுசாமி மூலம் அவர் காதுக்கும் போயிருக்கவேண்டும். காபிப்பொடி வாசனை மட்டும் அடுக்களையிலிருந்து நன்றாக வந்துகொண்டிருந்தது. மாமா ஒரு தரம் மாமியைப் பார்த்தார், ஒரு தரம் எங்களைப் பார்த்தார். கையை நீட்டினார். மறுநாள் மற்ற வீடுகளும் நீட்டின.

இந்தச் சுற்றில் தெருவில் பாதிப் பேருக்கு நோய் என்பது, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலராகக் குறைந்தது. அந்தச் சிலரில் மாமாவும் ஒருவர். டாக்டர் நேரில் போய்ப் பக்குவமாகச் சொன்னார். காபி குடிக்கலாம், சர்க்கரை மட்டும் கூடாது என்றார். மாமா கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்யா, இதைச் சொல்றதுக்கா ஒரு மாசமா மாட்டை ஓட்டிண்டு வந்தேள்?"

சாந்தோமில்

ஆராய்ச்சி தேறியது. டாக்டர் இன்னாசி எங்கும் போகவில்லை. அடுத்த வருடம் இரண்டாவது பெண் பிறந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சின்னவளைத் தோளில் வைத்துக்கொண்டு, பெரியவளோடு பந்தயம் கட்டிக் கடற்கரை மணலில் மெதுவாக ஓடுவார். பெரியவள் ஜெயிக்கும்படிதான் ஓடுவார். நானும் என் மனைவியும் சுண்டல் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். அவளுக்கு அவரைப் பிடிக்கும். அவரைப் பார்த்த பிறகாவது நான் வீட்டில் கூடமாட வேலை செய்ய ஆரம்பித்தேன் என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில வருடங்கள்தான். எழுபதுகள் முடியுமுன் காமாலை கண்டு, ஒரே வாரத்தில் டாக்டர் போய்விட்டார். அத்தனை ஓடிய உடம்பு. துக்கத்துக்குப் போனபோது, முனுசாமி வாசலில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பஞ்சாபகேசன் மாமா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். ஸ்டெல்லா டீச்சர்தான், இரண்டு பெண்களும் மடியில் தூங்க, எனக்கு ஆறுதல் போலச் சொன்னார்:

"லண்டனுக்குப் போயிருந்தா அந்த ரெண்டு வருஷமும் போயிருக்கும் சார். அது எங்களுக்குக் கிடைச்சுதே."

வாழ்நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வாங்கிப் பிழைத்த எனக்கு, ஒரு குடும்பத்துக்கு இரண்டு வருடம் வாங்கிக் கொடுத்ததில் ஒரு பங்கு உண்டென்றால், மீதிப் பங்கு அந்த ஒரு மாதத்தில் காபியை அரைமணி நேரம் தள்ளிப்போட்ட மயிலாப்பூர்க்காரர்களுடையது. அவர்களைப் பொறுத்தவரை அது ரத்தம் கொடுத்ததைவிடப் பெரிய காரியம்.