எடைமேடை வரைக்கும்

டிரைவர் பிரேக் போடுவதற்கு ஒரு நொடி முன்னால் புஷ்பவல்லி போட்டுவிடுவார். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக, மடியில் பையை வைத்துக்கொண்டு சாதுவாகத்தான் உட்கார்ந்திருப்பார். பாலக்கரை ரவுண்டானா நெருங்கியதும் வலது கால் தானாக எழுந்து பஸ்ஸின் தகரத் தரையை ஒரு மிதி மிதிக்கும். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். "ஒண்ணுமில்லீங்க, கால் மரத்துப்போச்சு" என்று சொல்லிச் சமாளிப்பார். மகள் கல்யாணத்தன்று மணமக்கள் காரில் பின்னால் ஏறி வந்தவர், மண்டபம் வருவதற்குள் முன்சீட்டின் முதுகைப் பதம் பார்த்துவிட்டார். வீட்டு டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடினால் எதிரே கிடக்கும் ஸ்டூல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுவர்ப் பக்கம் போய்விடும்.

எல்லாம் தொழில் செய்த வேலை. அரியலூரில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் புஷ்பவல்லி. 'பூவிழி மகளிர் டிரைவிங் ஸ்கூல்' என்று போர்டு. பூவிழி அவருடைய மகள், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஸ்கூல் என்பது ஒரு வெள்ளைக் கார், ஒரு தகர ஷெட், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். அந்தக் காரில் இடப்பக்க சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் வாத்தியாரம்மா மிதிக்க வேண்டியது. அந்த பிரேக்கின் மேல் பாதத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டே அவருக்கு நாற்பதும் தாண்டி ஐம்பதும் தாண்டிவிட்டது.

செருப்போடு காரில் ஏறுவது அவருக்குப் பிடிக்காது. "செருப்பு போட்டா வண்டி சொல்றது காலுக்குக் கேக்காது கண்ணு" என்பார். கற்றுக்கொள்ள வரும் பெண்களில் புதுப்பெண்ணும் உண்டு, பேரன் எடுத்தவரும் உண்டு. எல்லாரும் அவருக்குக் 'கண்ணு'தான். அவர்களுக்கு அவர் 'டீச்சரக்கா'. பயந்து கைநடுங்குகிறவர்களிடம், "பயம் மனசுல இருந்துட்டுப் போவட்டும். காலுக்கு எறக்கிடாத" என்பார். நடு ரோட்டில் வண்டி அணைந்து, பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தால் அவர் திட்ட மாட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இந்த வருஷம் சின்ன வெங்காயம் எப்படிப் போகிறது என்று நிதானமாக விசாரிப்பார். பதில் சொல்கிற சாக்கில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு திரும்பி, வண்டியும் கிளம்பிவிடும்.

வகுப்பு போகிற வழி ஒன்றேதான். ஷெட்டிலிருந்து புறப்பட்டு, விக்கிரமங்கலம் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் எடைமேடை வரைக்கும். அங்கே ரோடு அகலம், வண்டியைத் திருப்ப வசதி. அங்கே போய்ச் சேர்வதற்குள் வகுப்பு நேரத்தில் பாதி முடிந்துவிடும். "இண்டிகேட்டர் போடு. கண்ணாடியப் பாரு. பின்னால லாரி இல்லன்னா திருப்பு" என்பார். அந்த இடத்தில் ரோட்டில் வட்டமாக ஒரு டயர்த்தடம் படிந்திருக்கிறது என்றால் அதில் பெரும்பங்கு பூவிழி மகளிர் டிரைவிங் ஸ்கூலுடையது.

கற்றுக்கொண்ட பெண்கள் எடைமேடையைத் தாண்டி எங்கெங்கோ போனார்கள். ஒருத்தி எறையூர் சர்க்கரை ஆலைக்குத் தினமும் காரில் வேலைக்குப் போகிறாள். ஒருத்தி மாமியார், நாத்தனார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய், கோபுரத்துக்கு முன்னால் காரை நிறுத்தி போட்டோ அனுப்பினாள். விக்கிரமங்கலத்து மலர்க்கொடி போனில் பேசும்போதெல்லாம், "டீச்சரக்கா, ஒருநாளாச்சும் நம்ம வூட்டுக்குக் கார் ஓட்டிக்கிட்டு வாங்களேன்" என்று முடிக்காமல் வைத்ததில்லை. புஷ்பவல்லி அந்தப் போட்டோக்களைக் கடைக்காரர், கண்டக்டர் என்று பாராமல் எல்லாருக்கும் காட்டுவார். அவர் மட்டும் எங்கே போவதானாலும் பஸ்தான். ஸ்கூல் கார் ஸ்கூலுக்கு. ஞாயிற்றுக்கிழமை அதற்கு லீவு. காலையில் ஷெட்டிலிருந்து காரை வெளியே எடுத்து நிறுத்துவது ஒன்றுதான் அவர் சொந்தமாக ஓட்டுகிற ஓட்டு.

அப்படிப்பட்டவருக்கு மூன்று மாதமாக ஒரு ஆசை. பெரம்பலூரில் ஒரு ஷோரூம் கண்ணாடிக்குள் சின்னதாக, வெளிர் நீலத்தில் ஒரு மின்சாரக் கார் நிற்பதை பஸ்ஸிலிருந்து பார்த்தார். அடுத்த முறை அதைப் பார்ப்பதற்கென்றே சீட்டை மாற்றி உட்கார்ந்தார். விலையும் கைக்கு அடக்கம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஆனால் 'எனக்கு ஒரு கார் வேணும்' என்று சொல்ல வாய் வரவில்லை. ஐம்பது வயசுக்கு மேல் தனக்கென்று ஒரு கார் வாங்குவதற்கு என்ன காரணம் சொல்வது? யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார். "ஸ்கூலுக்குங்க. காலத்துக்கேத்த மாதிரி நாமளும் மாறணும்ல" என்று கணவரிடம் சொன்னார். கொளஞ்சியப்பன் சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, வண்டியை வரச்சொல் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புஷ்பவல்லி ஓட்டிப் பார்ப்பதற்காக ஷோரூம் விற்பனையாளர் தமிழ்மாறன் காரை வீட்டுக்கே கொண்டுவந்தார். முழுக்கைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்தவர், வாசலில் வந்து நின்று "மேடம்" என்று கூப்பிட்ட பிறகுதான் கார் வந்திருப்பதே தெரிந்தது. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்திருக்கவில்லை. கார் சுற்றி வளைத்துக்கொண்டு போனதையும் அது அறியவில்லை.

புஷ்பவல்லி புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். டயரை அமுக்கினார். கதவைத் திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டு, "கனமாத்தான் இருக்கு" என்றார். பிறகு செருப்பைக் கழற்றி ரோட்டில் விட்டுவிட்டு, இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கொளஞ்சியப்பன் வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறினார். தமிழ்மாறன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். மேடம் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விரும்புகிறார் போலும் என்று எண்ணி, தானே ஓட்டுநர் சீட்டில் ஏறினார்.

"கண்ணாடியப் பாத்துட்டு எடுங்க தம்பி" என்றார் புஷ்பவல்லி.

தமிழ்மாறன் எடுத்தார். வண்டியின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல விட்டால்தானே? ஒரு கையால் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்றார் புஷ்பவல்லி. திருப்பத்தில் ஹாரன் அடிக்கவில்லையே என்றார். முன்னால் போகிற டிராக்டருக்கு இவ்வளவு நெருக்கமாகப் போக என்ன அவசரம் என்றார். வெள்ளாட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தபோது அவர் வலது கால் கீழே கிடந்த கால்மிதியை ஓங்கி மிதித்தது.

"மேடம், அங்க பிரேக் இல்லீங்க" என்றார் தமிழ்மாறன் பணிவாக.

ஏசி போட்டிருந்தும் அவர் நெற்றி வியர்த்திருந்தது. எடைமேடை வந்தது. இண்டிகேட்டர், கண்ணாடி, திருப்பம் எல்லாம் புஷ்பவல்லி சொன்ன வரிசையில் முடிந்து, கார் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பியது. வாசலில் நின்றதும் புஷ்பவல்லி பெல்ட்டை அவிழ்த்தார்.

"வண்டி நல்லா இருக்கு தம்பி. நீங்கதான் இன்னும் கொஞ்சம் நிதானமா ஓட்டணும். ஒரு வாரம் வந்தீங்கன்னா சரியாயிடும்."

பின்சீட்டிலிருந்து கொளஞ்சியப்பன் விட்ட சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடியது. டெஸ்ட் டிரைவ் உனக்கா, அவருக்கா என்று கேட்டார். புஷ்பவல்லிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. தமிழ்மாறனைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தமிழ்மாறனும், அப்பாடா, இனிமேல் சிரிக்கலாம் என்பதுபோல் சேர்ந்துகொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் காரியத்துக்கு வந்தார் புஷ்பவல்லி. இந்தப் பக்கம் ஒரு பிரேக் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று தமிழ்மாறன் உள்ளதைச் சொல்லிவிட்டார். வைத்தால் வாரண்டி போய்விடுமாம். அதோடு இதில் கியரும் கிடையாது, கிளட்ச்சும் கிடையாது. கியர் வண்டி பழக வருகிறவர்களுக்கு இதில் என்ன சொல்லித்தர முடியும்? புஷ்பவல்லி மூன்று மாதமாகக் கட்டிக் காப்பாற்றிய காரணம் ஒரே நிமிஷத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. முகம் வாடிப்போனதை மறைக்கத் தெரியவில்லை அவருக்கு.

"அப்ப ஸ்கூலுக்கு ஆவாது தம்பி. வீணா ஒங்களை அலைய வச்சுட்டேன்" என்று சொல்லி, செருப்பைத் தேடிக் காலை வெளியே வைத்தார்.

கொளஞ்சியப்பன் அதற்குள் இறங்கி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமான புதிதில் மனைவியிடம் கார் பழகப் போய், முதல் நாளே பாதி வழியில் கோபித்துக்கொண்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தவர் அவர். அன்றிலிருந்து யாருடைய காரில் ஏறினாலும் அவருக்குப் பின்சீட்டுதான். முன்னால் இடப்பக்கம் புஷ்பவல்லியின் இடம் என்று ஆகிவிட்டது.

"ஸ்கூலுக்கு ஆவாதுன்னா போவுது. ஒனக்கு ஆவுமான்னு பாரு. நீ அந்தப் பக்கம் போ புஷ்பா, நான் இங்க ஒக்காந்துக்கறேன்" என்றார்.

தமிழ்மாறன் இறங்கிப் பின்சீட்டுக்கு மாறினார். புஷ்பவல்லி காரைச் சுற்றி நடந்து வந்து வலப்பக்கம் ஏறினார். சீட்டை முன்னால் இழுத்தார், கண்ணாடியைத் திருத்தினார். மாணவிகளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்த வேலைகளையெல்லாம் தானே செய்யும்போது வரிசை குழம்பி, இழுத்த சீட்டையே மறுபடியும் இழுத்தார். கொளஞ்சியப்பன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டு, இந்த வருஷம் சின்ன வெங்காயம் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியும் கிளம்பிவிட்டது.

கிளம்பியதே தெரியவில்லை. உறுமல் இல்லை, உதறல் இல்லை. தெருமுனைக்கு வந்த பிறகுதான் வண்டி ஓடுகிறது என்று நம்பினார். இடது கால் கிளட்ச்சைத் தேடித் தேடித் தரையைத் தடவியது. இல்லை என்று தெரிந்த பிறகும் நாலைந்து தரம் தேடிவிட்டு, வேலையில்லாமல் ஓரமாக ஒதுங்கியது. ரோடு காலியான இடத்தில் வலது காலைக் கொஞ்சம் அழுத்தினார். வண்டி சட்டென்று முன்னால் பாய்ந்தது. கொளஞ்சியப்பனின் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது, அவருடைய வலது கால் தரையை மிதித்தது.

"அங்க பிரேக் இல்லீங்க" என்றார் புஷ்பவல்லி.

முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. அவர் காலை எடுத்தார், அவ்வளவுதான். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே வண்டி தானாகத் தணிந்து, தவழ்ந்து, மெதுவாக ஏறி இறங்கியது. இந்தக் காரில் அப்படித்தான், காலை எடுத்தால் வேகம் குறையும், கொஞ்சம் சார்ஜும் ஏறும் என்று பின்னாலிருந்து தமிழ்மாறன் விளக்கினார். புஷ்பவல்லி அடுத்த வேகத்தடையிலும் அப்படியே செய்து பார்த்தார். அதற்கு அடுத்து வேகத்தடை இல்லாத இடத்திலும் செய்து பார்த்தார்.

"நான் மிதிக்காமயே நிக்கிது பாருங்களேன்" என்றார். இத்தனை வருஷமாக ஊரார் மிதிக்க மறந்த பிரேக்கையெல்லாம் மிதித்தவருக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

கொளஞ்சியப்பனுக்கோ கண்ணெல்லாம் திரையில் சார்ஜ் காட்டும் எண்ணின் மேல். செல்போன் மாதிரி பாதி வழியில் செத்துப்போனால் தள்ளிக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்டார். ஏலாக்குறிச்சி போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும் சார் என்றார் தமிழ்மாறன். டிக்கியில் ஒரு அரிசி மூட்டை வைத்தால் அப்புறம் குடை வைக்கத்தான் இடமிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். புஷ்பவல்லி எதையும் காதில் வாங்கவில்லை. அவருக்கு அந்தக் கார் பிடித்துவிட்டது. ஸ்கூலுக்கு, காலத்துக்கு, மகளுக்கு என்று எந்தக் காரணமும் இல்லாமல், சும்மாவே பிடித்துவிட்டது.

லாரிகளின் வெள்ளைத் தூசிக்கு நடுவே எடைமேடை தெரிந்தது. புஷ்பவல்லியின் விரல் தானாகப் போய் இண்டிகேட்டரைத் தட்டியது. ஸ்கூல் காரின் இரைச்சலில் என்றைக்கும் காதில் விழாத சத்தம் இந்தக் காரில் தெளிவாகக் கேட்டது. டிக், டிக், டிக்.

"இங்கதானே மேடம் திரும்பணும்?" என்றார் தமிழ்மாறன்.

எடைமேடைக்கு அப்பால் ரோடு சோளக்காட்டுக்கு நடுவே விக்கிரமங்கலம் பார்த்து நேராகப் போயிற்று. புஷ்பவல்லி கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் லாரி ஏதும் இல்லை. திருப்பலாம்.

ஒற்றை விரலால் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு, வலது காலை மெல்ல அழுத்தினார்.