ஆணியடித்த ஜன்னல்

ஷ்டிப் நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பசை தடவுகிறாள் பிளகுனா. குறுக்குக் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று முதலாளி ஸ்பாசே ஜன்னல்களை ஆணியடித்து வைத்திருந்தான். பசை நெடியில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அவனோ தொழிலாளர் நலனுக்கென்று யோகா வாத்தியாரைக் கூட்டிவந்தான்.

"மூச்ச நல்லா உள்ள இழுங்க" என்றார் வாத்தியார்.

"எத இழுக்கச் சொல்ற, பசையவா?" என்று கேட்ட பிளகுனா, சுத்தியலை எடுத்து ஆணிகளைப் பிடுங்கி எறிந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

அந்த மாதம் யாரும் மயங்கவில்லை. லீவு குறைந்தது, செருப்பு கூடியது.

"பாத்தீங்களா, யோகாவுக்குப் போட்ட காசு லாபமா வந்துருச்சு" என்ற ஸ்பாசே, கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டே, "அந்த ஜன்னலச் சாத்துங்க" என்றான்.

"சாத்திக்கங்க மொதலாளி" என்றாள் பிளகுனா. "நீங்க உள்ள உக்காந்து மூச்சு இழுங்க. நாங்க வெளிய நிக்கிறோம்."