கிண்ணம் நிறைந்திருந்தது

எங்கள் கிளிக்கு நாங்கள் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் வேறு யாரிடமும் கிளி இல்லை, அதனால் கிளி என்றால் அதுதான். என் மகள் மட்டும் சின்ன வயதில் அதை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது வருடம் கழுத்தில் சிவப்பு வளையம் தெரிந்து, அது ஆண் என்று ஆன பிறகும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அதுவும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்த்தது.

கொண்டுவந்தவர் என் கணவர். அப்போது அவருக்கு நகரசபையில் துப்புரவு வேலை. மழையில் ரோட்டின் குறுக்கே விழுந்த தென்னையை வெட்டி எடுக்கப் போனவர், பொந்துக்குள் கிடந்த குஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று கத்துவேன் என்பது அவருக்குத் தெரியும். கொண்டுவந்த பிறகும் கத்தத்தான் செய்தேன். இரண்டாம் நாள் நானே பொரிகடலை மாவைக் கரைத்து அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் உண்டு, ஆனால் மனசு நல்ல மனசு என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். இத்தனை வருடமும் அந்தச் சமாதானத்தில்தான் ஓட்டினேன்.

நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம் என்பது எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அது வீட்டு ஆள் ஆகிவிட்டது. பறக்கவும் பழகவில்லை. வனத்துறைக்காரர்கள் வந்தால் அவருடைய வேலைக்கு ஆபத்து என்று கூண்டை முன்னறையிலிருந்து சமையலறைக்கு மாற்றினோம். டாக்டரிடம் காட்டுவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. சளி பிடித்தால் துளசிச் சாறு, வயிறு சரியில்லை என்றால் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வெட்கம் அதில்தான் இருக்கிறது. நான் மிளகுக் கிடங்கில் புடைக்கிறவள். கல்யாணமாகி வந்த வருடமே முறத்தைக் கையில் எடுத்தேன். ஒரு முறம் மிளகைத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டினால், உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லுவேன். புதிதாக வருகிற பெண்களை என் பக்கத்தில்தான் உட்காரவைப்பார்கள். சரக்கு பார்க்க வருகிறவர்கள்கூட மேஸ்திரியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பெருமையை நான் வீட்டுக்கும் சுமந்துகொண்டு வருவேன்.

கிளிக்கு நெல்தான் சாப்பாடு. கூடவே கொய்யா, பச்சை மிளகாய், ஊறவைத்த கடலை என்று மகள் ஏதாவது கொடுப்பாள். ஆனால் கிண்ணம் என் கணவருடைய பொறுப்பு. முன்பெல்லாம் காலையில் கிண்ணத்தை எடுத்து, கூண்டின் பக்கத்திலேயே நின்று உஃப் என்று ஊதுவார். உமி பறந்து, அப்போதுதான் பெருக்கிய தரையெல்லாம் விழும். எனக்கு எங்கிருந்துதான் வருமோ அப்படி ஒரு ஆத்திரம். "ஊதறதுன்னா வெளியே போய் ஊதுங்க. நான் என்ன உங்க கிளிக்கு வேலைக்காரியா?" என்று ஒருநாள் பிடித்துக் கத்தினேன். அன்றிலிருந்து அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார், திரும்பி வந்து மாட்டுவார். அங்கே நின்று அவர் என்ன செய்கிறார் என்று நான் பிறகு நினைத்துப் பார்த்ததே இல்லை.

மகள் கல்யாணமாகித் தேவரா போன பிறகு கிளிக்கு வயதாகிவிட்டது சட்டென்று தெரிந்தது. இரண்டு கண்ணிலும் பால் படர்ந்தது. கால்விரல்கள் வீங்கி, கம்பைச் சரியாகப் பிடிக்க முடியாமல் கூண்டின் அடியிலேயே உட்கார ஆரம்பித்தது. சாயங்காலம் அடுப்பில் தண்ணீர் வைத்தால் "சாயா, சாயா" என்று உயிரை வாங்கும், அதுவும் நின்றுபோனது. என் கணவர் அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டார், கம்பைத் தாழ்த்திக் கட்டினார், கிண்ணத்தை அது உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் போகிறபோதும் வருகிறபோதும் "என்ன கிழவா, எழுந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவேன்.

அவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் வீட்டில் இருந்தார். சும்மா இருக்க முடியாத மனிதர். வல்லார்பாடம் பக்கத்தில் லாரிகள் நிறுத்துகிற ஒரு இடத்தில் காவல் வேலை கிடைத்தது. விடிவதற்குள் கிளம்பி, போர்ட் கொச்சிக்குப் போய் ஜங்கார் படகு பிடித்து வைப்பின் தீவைக் கடந்து போக வேண்டும். திரும்பி வரும்போது இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. முதல் நாள் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "கிளியோட கிண்ணத்தைப் பாத்துக்கோ" என்றார்.

"எனக்குத் தெரியாதா? நீங்க போங்க" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். தினமும் கிடங்குக்குக் கிளம்பும் முன் கூண்டுக்குள் எட்டிப் பார்ப்பேன். கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருக்கும். மேலே கொஞ்சம் நெல் தூவுவேன். சில நாள் அதுவும் இல்லை, நிறைந்துதானே இருக்கிறது என்று விட்டுவிடுவேன். தண்ணீர் மாற்றுவேன். அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் அது கத்த ஆரம்பித்தது. முன்பு கத்துகிற கத்தல் இல்லை, தொண்டையை அறுக்கிற மாதிரி ஒரே சத்தம். கிண்ணத்தை அலகால் இடித்து இடித்துக் கத்தும். நான் நாளெல்லாம் மிளகுத் தூசியில் உட்கார்ந்துவிட்டு, தும்மித் தும்மி மூக்கு எரிய வீட்டுக்கு வருவேன். வந்ததும் இந்தக் கச்சேரி. "கிண்ணம் நெறைய இருக்கு, இன்னும் என்ன வேணும் உனக்கு? தின்னு தொலையேன்" என்று திட்டுவேன். அந்த வார்த்தையை அப்படியேதான் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சேச்சி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "பிராயம் ஆயில்லே, மனுஷரும் இங்ஙனெ தன்னே" என்று, வயதானால் மனிதர்களும் இப்படித்தான் என்று என்னைத் தேற்றினார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது கத்தாது. அவர் கையிலிருந்து வாங்கித் தின்றுவிட்டு, இறக்கையை உதறிக்கொண்டு சமர்த்தாகத் தூங்கும். அதைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட வந்தது. ஆறு நாளும் பார்க்கிறவள் நான், கொஞ்சல் மட்டும் அவரிடமா என்று அவரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். வேலைநாள் வந்ததும் மறுபடி கத்தல். ஒரு மாலை பொறுக்க முடியாமல் கூண்டின் மேல் கனமான துண்டைப் போட்டு மூடினேன். இருட்டினால் தூங்கும் அல்லவா, சத்தம் நின்றது. அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகு கிடங்கிலிருந்து வந்ததும் முதல் வேலையாகத் துண்டைப் போட்டுவிட்டுத்தான் முகம் கழுவினேன். சில நாள் கழித்துத் துண்டு இல்லாமலே அது கத்துவதை நிறுத்திவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வாரம் மகள் வந்தாள். வந்ததும் வழக்கம்போல, "அக்கா எங்கே?" என்று கூண்டைத் திறந்து அதைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, இதோட நெஞ்சைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். இறகுக்கு அடியில் சதையே இல்லை. நடுவில் எலும்பு கத்திமுனையாக நின்றது.

சட்டமாவது ஒன்றாவது என்று மகள் அப்போதே ஆட்டோ பிடித்தாள். கூண்டோடு தேவராவில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மிருக டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பையன்தான் டாக்டர். வளர்க்க லைசன்ஸ் இருக்கிறதா, எங்கே பிடித்தீர்கள், எதுவும் கேட்கவில்லை. நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்திருந்த பொய்களுக்கு வேலையே வரவில்லை. எடை போட்டார், வாயைத் திறந்து பார்த்தார். எலும்பைத் தடவிவிட்டு, "தீற்ற எந்தா கொடுக்குந்நது?" என்று தீனியைப் பற்றிக் கேட்டார்.

"நெல்லு, டாக்டர். எப்பவும் கிண்ணம் நெறைய இருக்கும்" என்றேன்.

அவர் கூண்டுக்குள் கையை விட்டுக் கிண்ணத்தைக் கழற்றினார். முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு ஊது ஊதினார். உமி எழும்பி மேசை முழுக்கப் பறந்தது. கிண்ணத்தின் அடியில் ஏழெட்டு நெல்மணியும் கொஞ்சம் எச்சமும் கிடந்தன.

"இது முழுவன் உமியாணல்லோ, சேச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கிளி நெல்லைப் பிளந்து அரிசியைத் தின்றுவிட்டுத் தோலை அங்கேயே போட்டுவிடும், மேலாகப் பார்த்தால் நெல்லாகவே தெரியும், நிறைய பேர் இதில் ஏமாறுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். கண் தெரியாததால் அதற்கும் கிளறித் தேடத் தெரியவில்லை. நிறைய பேர் ஏமாறலாம். முப்பது வருடமாகப் பொக்கு புடைக்கிறவள் ஏமாறலாமா? என் கண்ணுக்கு முன்னால் பட்டினி கிடந்திருக்கிறது. பசிக்கிறது என்று அதற்குத் தெரிந்த ஒரே விதத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறது. நான் துணி போட்டு மூடியிருக்கிறேன். அந்த அறையில் வைத்தே எனக்கு அழுகை வந்தது. மகள் என்னைப் பார்க்காமல் உமியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு என் கணவர் வந்து கேட்டபோது, "வயசாயிடுச்சாம், கிட்னி சரியில்லையாம்" என்றேன். கிட்னியும் கெட்டிருப்பதாக டாக்டர் சொன்னது உண்மைதான். மற்றதை முழுங்கினேன். மகளிடமும் சொல்லாதே என்று சொல்லியிருந்தேன்.

கிடங்கில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். பாசிப்பயறை வேகவைத்து மசித்து, டாக்டர் கொடுத்த பொடியைக் கலந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்ன ஸ்பூனில் ஊட்டினேன். இருபது வருடத்தில் என் விரலைக் கடிக்காத நாள் குறைவு, இப்போது உள்ளங்கையில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தது. தின்றது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மேல் ஒரு வருத்தமும் இல்லாமல், ஸ்பூன் பட்டதும் வாயைத் திறந்தது. பத்து நாளில் கொஞ்சம் எடை ஏறியது. ஒரு காலை கரகரவென்று ஏதோ பேசவும் பார்த்தது. பிழைத்துவிடும் என்று நான் நம்பினேன். பிழைத்துவிட்டால் நான் செய்தது ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

பதினாறாம் நாள் மத்தியானம், ஊட்டுவதற்காக எடுத்தபோது அதன் உடம்பு குளிர்ந்திருந்தது. சேச்சி வீட்டுக்குப் பின்னால் பப்பாளி மரத்தடியில் இரவு வேலையிலிருந்து வந்து என் கணவர்தான் குழி தோண்டினார்.

பிறகு அவர் தன்னையே குறை சொல்ல ஆரம்பித்தார். சோற்றில் கை வைத்தால், "நான் அந்த வேலைக்குப் போயிருக்கக் கூடாது" என்பார். என்னைப் பார்த்து, "நீ எவ்வளவோ பாத்தே" என்பார். ஒரு வாரம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இதை எழுதும்போதும் அந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உமியை, துண்டை, திட்டியதை, டாக்டர் ஊதியதை.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"லீவு நாள்ல பாப்பேன்ல. மூணு நாலு வாட்டி பாத்தேன், கிண்ணம் பூரா உமிதான். கொட்டிட்டு வேற போட்டு வச்சேன். மத்த நாளைக்கு நீ பாத்துக்குவேன்னு நெனச்சேன்."

"பாத்துட்டு எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் அடுத்த கம்பியைத் துடைத்தார். "சொன்னா நீ கத்துவே" என்றார்.

நியாயமாக நான் அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், கையையாவது பிடித்திருக்கலாம். நான் எழுந்து நின்று, சந்தில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினேன். "ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று கத்தினேன். அவர் கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.