செயலி விழுங்கிய சொல்

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கருக்களாச்சேரியில் பதினெட்டு மீனவப் பெண்களைப் பேட்டி எடுத்திருந்தேன். கடலோர வீடுகளை விட்டு வேறிடம் போக அவர்களுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி. ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் ஒரு செயலியிடம் கொடுத்தேன். ஒரே நாளில் எல்லாம் எழுத்தாகி வந்துவிட்டது. ஒரு பதிவைக்கூட நான் திரும்பக் கேட்கவில்லை.

ஆய்வேட்டில் அதற்கான அத்தியாயத்தை எழுதி முடித்ததும், அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரான, மீன் விற்கும் செல்வி அக்காவிடம் அவர் பேச்சு வரும் பகுதியை வாசித்துக் காட்டினேன். "வேற எடம் குடுத்தா போவோம்" என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லயே. அந்தப் பதிவப் போடுங்கம்மா."

போட்டேன். காற்றுக்கும் படகு இன்ஜின் சத்தத்துக்கும் நடுவே அவர் குரல் கேட்டது. "வேற எடம் குடுத்தாலும் போவ மாட்டோம்."

என் முகம் சுண்டிப்போனது. "மெஷின் தப்பா எழுதிடுச்சுக்கா" என்றேன்.

"மிசினு கெடக்கட்டும். நீங்க எதிர்லதானே உக்காந்திருந்தீங்க?"

கோவில்பத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்ததும் வழிகாட்டிப் பேராசிரியருக்கு போன் செய்து, ஒரு மாதம் அவகாசம் கேட்டேன்.

"கடைசி நேரத்துல ஏம்மா இப்படி?" என்று சலித்துக்கொண்டார். நான் விடவில்லை. பதினெட்டுப் பதிவுகளையும் வரிவரியாகக் கேட்டுத் திருத்தினேன். இன்னும் நான்கு பேர் சொன்னது தலைகீழாக மாறியிருந்தது. அத்தியாயத்தின் முடிவையே மாற்றி எழுதினேன்.

அந்தச் செயலியை இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒருவர் சொன்னதாக ஒரு வரி எழுதும் முன் அவர் குரலைக் கேட்டுவிடுகிறேன். நம்பிப் பேசியவர்களின் குரலைத் திரும்பக் கேட்க அன்று எனக்கு நேரமில்லாமல் போனதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.