வாலுவின் புது விலாசம்

அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். ஒரு கேபிளை எடுத்துவரப் போனால் வழியில் யாருடைய திரையிலோ ஒரு தவறைக் காட்டி, சாய்ந்து கிடந்த மானிட்டரை நிமிர்த்தி, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, கேபிளை மட்டும் மறந்துவிட்டுத் திரும்புவாள். பெயரை வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். பின்னால் அவரையே அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் நேர் எதிர். உட்கார்ந்தால் ஆணி அடித்தது போல உட்கார்வார். அவள் கால் ஆடி ஆடி இரண்டு மேசைகளும் குலுங்கும்போது மட்டும், "இங்க ஒரு மனுஷன் டைப் பண்றான்மா" என்பார்.

இருவரும் செய்த வேலை வெளியே சொன்னால் யாருக்கும் புரியாது. மருத்துவமனைகளின் ரத்த வங்கிகளில் இருக்கும் குளிர்பெட்டிகளைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொள்ளும் நிறுவனம் அது. பெட்டியில் குளிர் குறைந்தால், பக்கத்திலிருக்கும் சின்னக் கணினி அலுவலகத்து சர்வரை அழைக்கும். பணிமேசையில் சிவப்பு விளக்கு எரியும். அங்கே இருப்பவர் உடனே ஆளைக் கூப்பிட்டு ஓடச் சொல்வார். பெட்டியும் தன் பங்குக்குக் கத்தும்தான். ஆனால் பூட்டிய அறைக்குள் கத்தி யார் காதில் விழப்போகிறது?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் பாடம் எடுப்பார். "காலேஜ்ல ப்ராக்ஸி குடுத்திருக்கீங்கல்ல? வராதவனுக்காக நீங்க 'உள்ளேன் ஐயா' சொல்வீங்க. அதேதான் இங்கயும். சேதியைக் கேக்கறவன் எங்கயோ ஒரு சர்வர்ல இருக்கான். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு அவன் பக்கத்துலயே நிக்கற மாதிரி இருக்கணும். அதுக்கு ஒரு பதிலாளை நிறுத்தறோம், அவன்தான் ப்ராக்ஸி. சொன்னதை வாங்கிட்டு ஓடுவான். ஓட வேண்டிய விலாசம், எந்த மெஷின், அதுல எந்த போர்ட்டு, அதாவது எந்த வாசல்னு, அதுதான் எண்ட்பாயிண்ட். விலாசம் தப்பா குடுத்தீங்க, அவன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் தெருத்தெருவா சுத்த வேண்டியதுதான்."

போன மழைக்காலத்தில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். அவர் மேசைக்குக் கீழே இருந்த சர்வர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லா ரத்த வங்கிகளின் சேதியும் அந்தப் பெட்டிக்குத்தான் வந்தது. அதைத் தொட ஒருவருக்கும் தைரியமில்லை. கூட்டுபவர்கூட அதைச் சுற்றித்தான் துடைப்பத்தை ஓட்டினார்.

இப்போது அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது. பழைய கட்டடத்துக்கு அன்று மாலையோடு மின்சாரம் நிற்கும். அதற்குள் எல்லா மருத்துவமனைகளும் புது சர்வரிடம் பேசப் பழகிவிட வேண்டும். ஒன்று தவறினாலும், அங்கே கெடப்போகும் ரத்தத்தைப் பற்றி யாருக்கும் தெரியாமலே போகும்.

போன வாரமே வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. அவர் எழுதி வைத்திருந்த அமைப்புகளைப் புது சர்வருக்கு எடுத்து வைத்தாள். பழைய கட்டடத்தின் விலாசம் இருந்த வரிகளையெல்லாம் அழித்தாள். மருத்துவமனைக்கு ஒன்றாக அவர் வைத்திருந்த பெயர்களை மட்டும் தொடவில்லை. விலாசம் மாறலாம், சேதி கேட்பவனின் பெயர் மாறக்கூடாது. மாறினால் மருத்துவமனைக் கணினி யாரைத் தேடும்? அந்தப் பெயர்களை அப்போதுதான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள். எப்போதும் தாமதமாகப் பதில் வரும் மருத்துவமனைக்குக் கும்பகர்ணன் என்று வைத்திருந்தார். தொட்டதற்கெல்லாம் அலறும் ஒன்றுக்கு அவசரக்குடுக்கை. இவ்வளவு அமுக்கமான மனிதருக்குள் இப்படி ஒரு குசும்பா என்று சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

இன்னொரு பெயர் வாலு.

அன்று காலை முதலில் வாலு என்றிருந்த அந்த ஒரு மருத்துவமனையைத்தான் மாற்றினாள். அது சரியாக ஓடினால் மற்றவை. புது அலுவலகத்திலேயே இன்னொரு கணினியிலிருந்து சோதித்துப் பார்த்தாள். சேதி போனது, விளக்கு எரிந்தது, சோதனைத் திரை முழுக்கப் பச்சை.

"அப்புறம் என்னம்மா, மத்ததையும் தட்டி விட்டுடலாமே" என்றார் மேலாளர்.

"ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார்."

"இங்கதான் எல்லாம் பச்சையா இருக்கே. ஒரு நிமிஷம் உக்காருங்களேன்."

அவள் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். உட்கார முடிந்தால் ஏன் போகிறாள்? அவர் போன பிறகு வீட்டில் சோற்றைக்கூட நின்றுகொண்டுதான் தின்றாள்.

அந்த மருத்துவமனையின் ரத்த வங்கியில் வேலை பார்த்தவள் அவளுடைய நாத்தனார், அவருடைய ஒரே தங்கை. சாவுக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஒருத்தியைப் பார்த்தால் இன்னொருத்திக்கு அவர் ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

"வாங்க அண்ணி. அண்ணன் மெஷினை மூட்டை கட்டறீங்களாமே" என்றாள் நாத்தனார், ரத்தப் பைகளை அடுக்கியபடி. "அதுவாவது கொஞ்ச நாள் ஓடட்டும்னு விடக்கூடாதா?"

"கரண்ட்டை நிறுத்தறாங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க என்ன பண்ணுவீங்க. உங்களுக்குத்தான் எதையாவது முடிச்சாத்தானே மூச்சு வரும்."

பம்பரம் குளிர்பெட்டியைக் காட்டினாள். "அந்த சென்சரைக் கொஞ்சம் எடு" என்றாள்.

குளிரை அளக்கப் பெட்டிக்குள் ஒரு சின்னக் குப்பியில் மூழ்கியிருந்த சென்சரை எடுத்து நாத்தனார் உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். கைச்சூடு ஏறினால் ரத்தமே சூடாகிவிட்டதாக நினைத்து அது சேதி அனுப்பும். திரையில் அளவு ஏறியது. பெட்டி கத்தத் தொடங்கியது. பம்பரம் பணிமேசைக்குப் போன் போட்டாள்.

"வந்துச்சா?"

"ஒண்ணும் வரலையே மேடம். பச்சையாத்தான் இருக்கு."

பம்பரம் சின்னக் கணினியின் அழைப்புக் குறிப்பைத் திறந்தாள். அழைத்திருக்கிறது, விடாமல் அழைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: மறுக்கப்பட்டது. ஆளே இல்லாத விலாசமாக இருந்தால் பதிலே வந்திருக்காது. இங்கே யாரோ கதவைத் திறந்து, இல்லை போ என்று சொல்லியிருக்கிறார்கள். யார்?

அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"ஒரு இடத்துல நில்லுங்க அண்ணி. தலை சுத்துது" என்றாள் நாத்தனார். கை இன்னும் பொத்தியபடிதான் இருந்தது.

பம்பரம் மூலையில் இருந்த பிரிண்டர்மேல் இடித்துக்கொண்டு நின்றாள். அதன் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பழுது பார்க்க வருபவர்களுக்காக எழுதிய நெட்வொர்க் எண். திரும்பிப் போய்த் திரையில் அது அழைத்த எண்ணைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள். ஒரே எண்.

"அட கடவுளே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அழித்த வரிகளில் ஒன்று, வெளியே இருப்பவர்கள் எந்த விலாசத்தில் வர வேண்டும் என்று அவர் கையால் எழுதி வைத்தது. பழைய கட்டடத்து விலாசம் என்று அதை எடுத்தவள், புதியதை அங்கே எழுதவில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத சர்வர், தன் வீட்டுக்குள் தன்னை எப்படிக் கூப்பிடுவார்களோ அந்த எண்ணையே, மருத்துவமனைகள் விலாசம் கேட்கும் பதிவேட்டில் தன் விலாசமாகக் கொடுத்துவிட்டது. அந்த எண் அலுவலகத்துக்குள் செல்லும், அதனால்தான் அங்கே எல்லாம் பச்சை. அப்படிப்பட்ட உள் எண் வேறு கட்டடத்தில் வேறொன்றுக்கும் இருக்கலாம்; மருத்துவமனைக்குள் அதே எண்ணில் இருந்தது பிரிண்டர்.

"என்ன ஆச்சு அண்ணி?"

"காலையிலேர்ந்து உங்க கம்ப்யூட்டர் இந்தப் பிரிண்டர்கிட்ட போய் கதவைத் தட்டிட்டு இருக்கு."

நாத்தனார் பிரிண்டரைப் பார்த்தாள். "போயும் போயும் இதுகிட்டயா? பேப்பர் குடுத்தாலே வாங்காது. இது எங்க சேதி கேக்கப்போகுது!"

சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காக இருவருமே கொஞ்சம் கூச்சப்பட்டார்கள்.

பம்பரம் நின்றபடியே மடிக்கணினியைத் திறந்து புது சர்வருக்குள் போனாள். கட்டடத்தின் வெளிவாசல் விலாசத்தை அந்த வரியில் எழுதினாள். சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினாள். ஆனாலும் இங்கே மறுப்புதான் வந்தது. முன்பு வாங்கிய தப்பான விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிலாள் இன்னும் பிரிண்டரிடமே ஓடிக்கொண்டிருந்தான். சின்னக் கணினியையும் அணைத்து எழுப்பினாள். அது பதிவேட்டில் புதிதாக விலாசம் கேட்டது, வாங்கியது, போனது. திரையில் ஒரு வரி வந்தது.

வாலு: இணைந்தது.

நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஆள்தான்.

"இது யார் வெச்சது?"

"வேற யாரு? உங்கண்ணன்தான்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"எங்கிட்ட மட்டும் சொன்னாரா? போன வாரம்தான் பாத்தேன்."

"அப்ப இத்தனை நாளா இந்தப் பெட்டி சூடானா, வாலுகிட்ட சொல்லுன்னா எழுதி வெச்சிருந்தான்?"

"ஆமா."

"படுபாவி" என்றாள் நாத்தனார். மறுபக்கம் திரும்பி, பொத்திய கையை இன்னும் இறுக்கினாள். பெட்டி கத்தியது. போனில் பணிமேசைக்காரர், "வந்துடுச்சு மேடம், வந்துடுச்சு, சிவப்பு!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார்.

பம்பரம் கிளம்பும்போது நாத்தனார் வாசல் வரை வந்தாள். "மத்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் இப்பிடி ஆகாம பாத்துக்கங்க. பழசை அணைச்சிடுங்க அண்ணி. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

மற்ற மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக மாற்றினாள். ஒவ்வொன்றிலும் ஒருவரை சென்சரைக் கையில் பிடிக்க வைத்து, விளக்கு எரிந்த பிறகே அடுத்ததற்குப் போனாள். கும்பகர்ணன் வழக்கம்போலத் தாமதமாக எழுந்தான்.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் பழைய கட்டடத்துக்குப் போனாள். மேசைகள் போய்விட்ட அறையில் சுவரோரம் அந்தப் பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அதை யாராவது இன்னும் அழைக்கிறார்களா என்று பார்த்தாள். ஒருவரும் இல்லை. குனிந்து அணைத்தாள். விசிறி இழுத்து இழுத்து நின்றது. இப்படி ஒரு இரைச்சல் அந்த அறையில் இருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது. இனி எங்கே போவது என்று புரியாமல், பிடுங்கிய மின்கம்பியைக் கையில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

போன் அடித்தது. பணிமேசை. "மேடம், வாலு சிவப்பு."

பதறிப்போய் நாத்தனாரை அழைத்தாள். "என்னம்மா ஆச்சு? ஃப்ரிட்ஜ் நின்னுடுச்சா?"

"ஒண்ணும் ஆகல அண்ணி. சென்சரைக் கையில பிடிச்சிட்டு நிக்கறேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். நீங்க அணைச்ச பிறகும் கேக்குதான்னு பாத்தேன்."

"கேட்டுச்சு. சிவப்பா இருக்காம்."

"சரி."

"உள்ள வெச்சிடு. அங்க ஒருத்தர் பயந்துட்டு இருக்கார்."

"வெக்கறேன் அண்ணி. இன்னும் கொஞ்சம்."

கீழே, பெட்டியை ஏற்றிப்போக வந்திருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, கம்பியைச் சுற்றியபடி, அவள் அங்கேயே நின்றாள்.