எல் போர்டும் பின் சீட்டும்

எனக்கும் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகளுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. பதினேழு முடிந்ததும் இருவரும் ஒரே வாரத்தில், ஓட்டிப் பழகுவதற்கான எல் லைசென்ஸ் எடுத்தோம். சமம் என்பது அதோடு சரி. அவள் வீட்டு வாசலில் கார் நின்றது. எங்கள் வீட்டு வாசலில் கோழி நின்றது.

எழுபதுகளின் கடைசி அது. எல் லைசென்ஸ்காரர் தனியாக ஓட்டக் கூடாது. முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது மூன்றே பேரிடம் இருந்தது. துரை, கிராணி, அப்புறம் கொழுந்து லோரி ஓட்டிய என் அப்பா. மகளோடு உட்காரக் கிராணிக்குப் பொறுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைக் கூப்பிட்டார். என் மகளுக்கும் ஒரு தரம் வண்டியைக் கொடுங்கள் என்று அப்பா கேட்பார் என்று காத்திருந்தேன். என் லைசென்ஸுக்கு ஆயுள் கொஞ்ச மாதம்தான். நானே வாய்விட்டுச் சொன்னதும் "கேக்கலாம்லா, பொறு" என்றார். பொறுத்தேன்.

பொறுத்தேன் என்பது பொய். வெந்து செத்தேன். அப்பா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போவார். என்னிடம் "ஏய், இங்க வா." அவளிடம் "கிளச்ச மெதுவா விடுங்கம்மா." என் வயதுப் பெண்ணுக்கு 'ங்கம்மா'! மேட்டு லயத்து எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கார் வளைவில் திரும்புவது தெரியும். முன்னால் அவள் மட்டும். அப்பா பின் சீட்டில், நிமிர்ந்து, துரை மாதிரி. சொகுசாகச் சவாரி போகிறார் என்று பல்லைக் கடித்தேன். அவள் வண்டி தேயிலைக்குள் இறங்கட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அப்பாவும் உள்ளே இருப்பது அப்புறம்தான் உறைத்தது. வேண்டுதலைத் திருத்திக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மீன் வாங்கத் தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்தருகே எல் போர்டு மாட்டிய அந்தக் காரைப் போலீஸ்காரர் மறித்தார். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. நன்றாகப் பார்க்கலாமென்று கிட்டே போய் ஒரு கடையோரம் நின்றேன்.

முழு லைசென்ஸ் யாரிடம் என்று மலாயில் கேட்டார். அப்பா பின்னாலிருந்து கையைத் தூக்கினார். அங்கே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை எப்படிப் பிடிப்பாய், முன்னால் போ என்றார் போலீஸ்காரர். அப்பா இறங்கி முன் கதவருகே நின்றார். ஏறவில்லை.

"மொத நாளே சொன்னேன்ல அங்கிள், முன்னுக்கு வாங்கன்னு" என்றாள் அவள்.

"அது எப்படிம்மா, கிராணி வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்துல நான் சமமா உட்கார்றது?"

போலீஸ்காரர் அதட்டிய பிறகு ஏறினார். சீட்டின் நுனியில், கதவோடு ஒட்டி, முழங்காலைச் சேர்த்து. லோரி ஸ்டீயரிங்கை ஒற்றைக் கையால் சுழற்றுகிற என் அப்பா. எனக்கு அழுகை வந்தது. கோபம் அவள்மேல்தான் வந்தது, அவள் ஒன்றும் செய்யாவிட்டாலும்.

சாயங்காலம் சிரித்த முகமாக வந்தார். "கிராணிகிட்ட கேட்டுட்டேன். வர்ற ஞாயிறு நீ ஓட்டு, நான் கூட வரேன்."

"வேணாம்ப்பா."

"ஏன்லா? இத்தன நாளா உசுர வாங்குன."

அந்தக் காருக்குள் அவர் உட்காருவதை இன்னொரு தரம் பார்க்க என்னால் முடியாது. அதை அவரிடம் சொல்லவா முடியும்? பயமாக இருக்கிறது என்றேன். நம்பிவிட்டார்.

என் லைசென்ஸ் காலாவதியானது. அவள் பாஸ் செய்தாள். அப்பாவுக்குச் சாக்லெட் டப்பாவோடு எங்கள் லயத்துக்கு வந்தாள். "உங்க மக ஏன் அங்கிள் ஓட்டல?"

"அது பயந்தாங்கொள்ளிம்மா" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். வயிறு எரிந்தது. அவளுக்குத் தேத்தண்ணி ஆற்றினேன்.