ஒரு கூடை மண்

ஒரே ஒரு கூடை மண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனீர்களே ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன். பெயரை எழுதப் போவதில்லை. வாசித்தால் உங்களுக்கே தெரியும்.

ஆரம்பப் பள்ளியில் கைத்தொழில் வாத்தியார் என்றால், பிள்ளைகள் செய்கிற வேலைக்காகப் பெரியவர்களோடு சண்டை போடுகிறவன் என்று அர்த்தம். இதே வேலையில் மாட்டிக்கொண்டு தவிக்கும் சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் கொள்ளேகாலிலிருந்து வந்து, தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, தச்சுப் பட்டறையில் அடி வாங்கித் தொழில் கற்றவன். எனக்குக் கோபமும் வரும், பேரமும் வரும். சுதந்திரம் வந்த கையோடு, பிள்ளைகள் கையால் வேலை செய்து படிக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. மைசூரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு அகப்பட்டவன் நான்.

தக்ளி வாங்கிய கதை

நூல் நூற்பதுதான் முதல் பாடம். தக்ளி என்கிற கைக்கதிரும் பஞ்சும் வாங்க என் பழைய மார்க்கெட்டுக்கே போனேன். கடைக்காரர் தெரிந்தவர்; அவருடைய மூட்டைகளை நான் சுமந்திருக்கிறேன். அதற்காக விட்டுவிட முடியுமா? ஒவ்வொரு தக்ளியையும் தரையில் சுழற்றிப் பார்த்தேன். தள்ளாடியதை ஒதுக்கினேன். ஒதுக்கியதைக் காட்டியே மற்றவற்றின் விலையை இறக்கினேன். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேஷ்ட்ரே, வாத்தியாரே, இதெல்லாம் நூல் நூற்கவா, இல்லே என் கழுத்துக்குச் சுருக்குப் போடவா?"

பந்தல் போட்ட இடம்

பள்ளிக்குப் பின்னால் ஒரு சந்து. கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தச் சந்துதான். சாக்கடை கிடையாது, மழை பெய்தால் எல்லா வாசலிலும் தண்ணீர் நிற்கும். சமூக சேவையாக அங்கே ஒரு சாக்கடை வெட்டுவது என்று முடிவாயிற்று.

சந்தின் கீழ்க்கோடியில் தார்ச்சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் ஊர்க் கழிவுநீரெல்லாம் ஓடும் பெரிய மோரி. தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கிருந்துதான் வெட்டிக்கொண்டு வர வேண்டும். ஆனால் தொடங்கி வைக்க, சாலை மராமத்துக்கெல்லாம் பொறுப்பான நீங்கள் வருகிறீர்கள். மோரி நாற்றத்தில் விருந்தாளியை நிறுத்த முடியுமா? சந்தின் மேட்டில், பள்ளியின் பின்வாசலில் பந்தல் போட்டார்கள். பந்தல் இருந்த இடத்தில்தான் முதல் மண்வெட்டி விழ வேண்டுமாம். நான் கத்தினேன். எங்கள் பெரிய வாத்தியார் மேல்கோட்டைக்காரர், சாது. என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார்:

"எனக்கு மட்டும் தெரியாதா ஓய்? தண்ணி கீழேதான் போகும்; ஆனா வாழைமரத்தை மேலே கட்டியாச்சே!"

மாலையும் மைக்கும்

பிள்ளைகள் நூற்ற நூலை முறுக்கி மாலையாக்கி உங்கள் கழுத்தில் போட்டோம். நீங்கள் ஒரு கூடை தூக்கினீர்கள். படம் சரியாக விழவில்லை என்றதும் அதே மண்ணை வாரி மறுபடி தூக்கினீர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிறகு மைக்கைப் பிடித்து, "சாலை ஓரம் வரை பிள்ளைகள் வெட்டட்டும். சாலையை வெட்டி மோரியில் சேர்ப்பது எங்கள் ஆட்களின் பொறுப்பு" என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான்காம் வகுப்பு ருக்கு மட்டும் தட்டவில்லை. சாலையை ஒட்டிய கடைசி வீடு அவளுடையது. என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"சார், எப்ப வருவாங்கன்னு அவர் சொல்லவே இல்லியே?"

முதல் மழை

பிள்ளைகள் சாலை ஓரம் வரை வெட்டிவிட்டார்கள். கட்டடம் நடக்கிற இடமெல்லாம் போய்ச் சண்டை போட்டு நான் கொண்டுவந்த உடைகல்லை இரண்டு பக்கமும் பதித்தார்கள். தன் வாசலுக்கு நேரே ருக்குவே பதித்தாள். உங்கள் ஆட்கள் வரவில்லை. மழை வந்தது.

சாக்கடை அருமையாக ஓடியது ஐயா. மேட்டு வீடுகளின் வாசலெல்லாம் காய்ந்து கிடந்தது. அத்தனை தண்ணீரும் ஒரே ஓட்டமாக வந்து, சாலையில் முட்டி, ருக்குவின் வீட்டுக்குள் ஏறியது. அவள் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவள். நனைந்த அரிசியை முறத்தில் பரப்பிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"எல்லார் வீட்டுத் தண்ணியையும் கொண்டாந்து எங்க வீட்ல விட்டுட்டீங்க வாத்தியாரே. பிள்ளைங்க நல்லாத்தான் வேலை கத்துக்கிட்டாங்க."

உங்கள் ஆபீசில்

ஈர வேட்டியோடு உங்கள் ஆபீசுக்கு வந்தேன். நீங்கள் குண்டலுபேட்டையில் வேறொன்றைத் தொடங்கி வைக்கப் போயிருந்தீர்கள். குமாஸ்தாவிடம் கெஞ்சினேன், மேஜையைத் தட்டினேன். எந்தக் கடைக்காரனையும் மடக்கிவிடுகிற என் வாய் அங்கே எடுபடவில்லை. விலை சொல்கிறவனிடம்தானே பேரம் பேச முடியும்? சுவரில் நீங்கள் கூடை தூக்கும் படம் மாட்டியிருந்தது. குமாஸ்தா அதைக் காட்டினார்.

"திறந்து வெச்சாச்சே ஸ்வாமி, இன்னும் என்ன பாக்கி?"

ருக்கு போட்ட அணை

அடுத்த மழைக்கு முன் சந்துக்குப் போனேன். ருக்கு தன் வீட்டுக்கு மேலே சாக்கடைக்குள் இறங்கி, பள்ளிக்கூடத்துக் கூடையால் மண் கொட்டிக்கொண்டிருந்தாள். தான் பதித்த கற்களையே பெயர்த்து அணையாக அடுக்கியிருந்தாள். தண்ணீர் இனித் தங்கள் வாசலில் தேங்குமே என்று மேட்டு வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று ஏசினார்கள். நேற்று வரை ஒரே சட்டியில் குழம்பு வாங்கிக்கொண்டவர்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் நின்றேன். அவள் நிறுத்தவில்லை.

"நான் வெட்டினதுதானே சார், நானே மூடிக்கிறேன்."

அன்றிலிருந்து அவள் பள்ளிக்கு வருவதில்லை. கூப்பிடப் போனால், தண்ணீர் வந்தால் வீட்டில் ஆள் வேண்டுமே என்கிறாள் அம்மா. அவளுடைய தக்ளி என் மேஜை மேல் கிடக்கிறது.

அதனால், ஐயா, மழைக்கு முன் ஆட்களை அழைத்துவந்து அந்தச் சாலையை வெட்டி மோரியில் சேர்த்துவிட்டுப் போங்கள். நூல் மாலை இன்னொன்று தயாராக இருக்கும், இந்த முறை வேலை முடிந்த பிறகு கீழ்க்கோடியில், மோரி ஓரத்தில் நின்று வாங்கிக்கொள்ளலாம்.